மெத்துன்னு நின்ன ஸ்டியரிங்

முகத்துக்கு ஒரு சாண் மேல லாரியோட முன் ஆக்சில். முதுகுக்கு அடியில காய்ஞ்ச கரிசல் கட்டி குத்துது. கையில ஸ்க்ரூ டிரைவர். இடது சக்கரத்துக்கு உள்பக்கம் அப்பிக்கிடக்க மண்ணைச் சுரண்டணும், அவ்வளவுதான் வேலை. ஆனா சுரண்டினா ஒரு உண்மை தெரிஞ்சுபோகும். அதுக்குப் பயந்துக்கிட்டு அப்படியே மல்லாக்கப் படுத்துக் கிடக்கேன்.

"என்ன, தூங்கிட்டீங்களா?" வெளியில குத்தவச்சிருந்த என் வீட்டுக்காரி செல்லத்தாய் டார்ச் லைட்டை நேரா என் கண்ணுல அடிச்சா.

"ஏட்டி, என் கண்ணுலயா மண்ணு அப்பியிருக்கு? சக்கரத்துல அடி."

"கண்ணைப் பத்தி நீங்க பேசாதீங்க," அப்படின்னா.

போன வாரம் இந்தப் பக்கத்துல நான் எழுதின கியர் பாக்ஸ் கதையைப் படிச்சிட்டு, பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் என்னைப் பிடிச்சு நிறுத்திக் கேட்டார். "அண்ணாச்சி, எல்லா வாரமும் நீங்க சரி பண்ணின வண்டியாவே வருதே. உங்க கை உங்களைக் காலை வாரிவிட்டதே இல்லையா?" எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. ஏன்னா, அன்னைக்கு அந்த லாரிக்குக் கீழ படுத்துக்கிட்டு நான் என்னையே கேட்டுக்கிட்டு இருந்த கேள்வி அது. அதான் இந்த வாரம் அதையே எழுதிருவோம்னு உக்காந்திருக்கேன்.

ஒடிச்சதும் ஒடிஞ்சதும்

பெய்யக் கூடாத நேரத்துல ஒரு மழை பெய்ஞ்சு, மக்காச்சோளம் போட்டவங்க எல்லாம் வானத்தைப் பார்த்து வஞ்சுக்கிட்டு இருந்த சமயம் அது. மழை விட்டு ரெண்டு நாள் நல்ல வெயில். நான் காலையில வீட்டை ஒட்டுன பட்டறை வாசல்ல என் இடது கால் செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தேன். மூணு நாளா ஒத்தைச் செருப்பைக் காணோம். டயர் வச்சு அடிச்ச தோல் செருப்பு. வார் பிய்ஞ்சு, அப்பதான் நீல நைலான் நூல்ல தைச்சு வாங்கியிருந்தேன். பக்கத்து வீட்டு நாய் மேலதான் எனக்குச் சந்தேகம். அது என்னைப் பார்த்தாலே வாலை ஒடுக்கிக்கிட்டுப் போனது சந்தேகத்தை ஊர்ஜிதப்படுத்துச்சு.

உள்ள போன் அடிச்சுச்சு. செல்லத்தாய் எடுத்துப் பேசிட்டு பதறிக்கிட்டு ஓடி வந்தா.

"யாரோ எதையோ ஒடிச்சிட்டாங்களாம். கையா காலான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கான்!"

வாங்கிப் பேசினா, கோபால்சாமி. இடைசெவல் பக்கத்துக்காரன். எங்க கோவில்பட்டியில வத்தலும் மக்காச்சோளமும் வியாபாரம் பண்ணுத காதர் பாயோட லாரியை ஓட்டுதான். நாப்பது வயசுக்காரன், நல்ல நிதானமான டிரைவர். ரொம்பப் பதறிட்டான்னா மட்டும் வீட்டுல பேசுத தெலுங்கு வந்துரும். அன்னைக்கு முதல் வார்த்தையே "தேவுடா!"

"அண்ணாச்சி, இடது பக்கம் ஒடிக்கேன், ஒடிய மாட்டேங்கு!"

லாரிக்காரங்க பேச்சுல ஸ்டியரிங்கைத் திருப்புததுக்குப் பேரு ஒடிக்கிறது. முழுசா ஒடி, லேசா ஒடி, ஒடிச்சு எடு. இது ஊர் உலகத்துக்கே தெரியும். மெக்கானிக்கைக் கட்டி முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் செல்லத்தாய்க்கு மட்டும், யாராவது ஒடிச்சேன்னு சொன்னா உடனே மாவுக்கட்டுதான் ஞாபகத்துக்கு வரும்.

"எங்கன நிக்கே?"

"நாகலாபுரம் ரோட்டுல, கம்மாக்கரை வளைவுல நிக்கேன்." மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். ரெண்டு நாளாக் காட்டுச் சகதிக்குள்ள நின்னு மக்காச்சோளம் ஏத்திட்டு வந்திருக்கான். வளைவுல இடது பக்கம் ஒடிச்சா, ஸ்டியரிங் பாதியிலேயே நின்னுபோச்சு. எதுத்தாப்புல தீப்பெட்டி ஆபீசுக்குப் பொம்பளையாட்களை ஏத்திட்டுப் போற வேன். லாரி நேரா வேனைப் பார்த்துப் போகுது. பிரேக்கை ஏறி மிதிச்சு, ஒரு முழ இடைவெளியில நிறுத்தியிருக்கான். வேனுக்குள்ள இருந்து பதினஞ்சு பேரு கத்தியிருக்காங்க.

"யாருக்கும் ஒண்ணும் இல்லையேலே?"

"இல்ல அண்ணாச்சி. வேனை ஒதுங்கிப் போகச் சொல்லிட்டேன்."

"வலது பக்கம் ஒடியுதா?"

"ஒடியுது. ஆனா யாரோ பிடிச்சு இழுக்க மாதிரி இருக்கு. கையை விட்டா தானாத் திரும்பியும் வர மாட்டேங்கு."

"இடது பக்கம் பாதியில எப்படி நிக்கு? டங்குன்னு நிக்கா?"

"இல்ல அண்ணாச்சி. மெத்துன்னு நிக்கு."

அந்த ஒரு வார்த்தையை நான் அங்கனயே பிடிச்சிருக்கணும். பிடிக்கலை. ஏன்னா என் நெஞ்சு வேற கணக்குப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. அந்த முன் ஆக்சில் வேலையை மூணு நாளைக்கு முன்னால பார்த்துக் குடுத்தது நான்.

ரோஸ் பொட்டு

என்ன வேலைன்னு சொல்லிருதேன். முன் சக்கரம் இடமும் வலமும் திரும்புதுல்லா, அது ஒரு இரும்பு முளையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் திரும்புது. அதுக்குப் பேரு கிங் பின். கோபால்சாமி வண்டியில ரெண்டு பக்கமும் அது தேய்ஞ்சு, சக்கரம் ஆடிச்சு. ரெண்டையும் மாத்தி, அதைச் சுத்திப் பிடிக்க புது புஷ் அடிச்சு, கிரீஸ் ஏத்தி, கடைசியா ஸ்டாப்பர் போல்ட்டை வச்சேன்.

ஸ்டாப்பர் போல்ட்டு அதைவிட எளிசு. சக்கரம் இதுக்கு மேல திரும்பக் கூடாதுன்னு எல்லை போடுத போல்ட்டு. அது இல்லைன்னா முழுசா ஒடிக்கும்போது டயர் போய் கமான் பட்டை ஸ்பிரிங்குல உரசும். அதையே ரொம்ப வெளிய தள்ளி வச்சிட்டா பாதியில முட்டி நின்னுரும், வளைவுல வண்டி திரும்பாது. அளவு பார்த்து வச்சு, நட்டை இறுக்கிப் பூட்டணும். பூட்டாம விட்டா ஓட்டத்துல போல்ட்டு தானாச் சுத்தி இடம் மாறிரும்.

பூட்டினதும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நட்டும் போல்ட்டும் சேருத இடத்துல ஒரு பொட்டு வைப்பேன். நட்டு நூலளவு நகர்ந்தாலும் பொட்டு ரெண்டா உடைஞ்சு காட்டிக் குடுத்துரும். மத்தவங்க பெயிண்ட் வைப்பாங்க. என் மக கல்யாணமாகிப் போகும்போது ரோஸ் கலர் நெயில் பாலிஷ் நாலு பாட்டில் விட்டுட்டுப் போனா. வீணாப் போவானேன்னு அதை நான் எடுத்துக்கிட்டேன். "அண்ணாச்சி வண்டிக்குப் பூவும் பொட்டும் வச்சில்லா அனுப்புதாரு"ன்னு டிரைவர்மாரு கேலி பண்ணுவாங்க. பண்ணிட்டுப் போகட்டும். என் பொட்டு உடையாத வரைக்கும் என் வேலை உடையலைன்னு அர்த்தம்.

அன்னைக்கு வலது பக்கம் பொட்டு வச்சது நல்லா ஞாபகம் இருக்கு. இடது பக்கத்துக்கு வரும்போது டீ வந்துச்சு. எந்திரிச்சுப் போய்க் குடிச்சேன். குடிச்சிட்டு வந்து நட்டைப் பூட்டினேனா, பொட்டு வச்சேனா? எம்புட்டு யோசிச்சும் ஞாபகம் வரலை.

இதுல இன்னொரு சங்கதியும் இருக்கு. எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணுல எடுத்தாச்சு. இடது கண்ணுல இருக்கதை எடுக்க டாக்டர் வரச்சொல்லி, நான் நாலு தடவை டிமிக்கி குடுத்துட்டேன். வேலை இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். நிஜம் என்னன்னா, பயம். மேசையில மல்லாக்கப் படுக்கவச்சு என் கண்ணையே இன்னொருத்தர் ரிப்பேர் பண்ணுவாராம். மத்த நேரம் பூரா மல்லாக்கப் படுத்து வேலை பார்க்கவன் நான்.

பின் சீட்டு

எங்க வீட்டு மொபெட்டை செல்லத்தாய்தான் ஓட்டுவா. கண்ணு ஆபரேஷனுக்கு அப்புறம் சாவியை எங்கிட்ட இருந்து பிடுங்கினவ, திருப்பிக் குடுக்கலை. டூல்ஸ் பையை மடியில வச்சுக்கிட்டு நான் பின்னால உக்காந்தேன்.

ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கரிசல் மழையில கறுத்து, வெயில்ல வெடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. இந்த மண்ணு ஈரத்துல ஒரு குணம், காய்ஞ்சா ஒரு குணம். ஈரத்துல காலை வச்சா காலோட வந்துரும். காய்ஞ்சா சுத்தியலுக்கும் மசியாது.

எங்க கல்யாணத்தன்னைக்கும் இதே மண்ணுதான் மானத்தை வாங்குச்சு. ஓட்டப்பிடாரம் பக்கம் பொண்ணு வீடு. மாப்பிள்ளை வேன் ஊருக்கு முன்னால சகதியில உக்காந்துக்கிச்சு. வண்டின்னா நான் சும்மா இருப்பனா? பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு இறங்கித் தள்ளினேன். இடுப்பு வரைக்கும் கரிசலோட போய் இறங்கினா, ஜன்னல்ல இருந்து எட்டிப் பார்த்த செல்லத்தாய், "இதுல மாப்பிள்ளை யாரு?"ன்னு கேட்டுருக்கா. இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

லாரியைப் பார்க்கப் போன அன்னைக்கு அவ சிரிக்கலை. எட்டயபுரம் தாண்டினதும் வாயைத் திறந்தேன்.

"ஏட்டி, இது என் கை வேலையில வந்த தப்பா இருந்துச்சுன்னா, இன்னையோட ஸ்பானரைக் கீழ வச்சிருதேன். பதினஞ்சு பொம்பளையாட்கள்."

அவ வண்டியை மெதுவாக்கினா. பிறகு திரும்பாமலே சொன்னா. "வச்சிட்டு? நாள் முழுக்க வீட்டுல உக்காந்து என் உசுரை எடுக்கப்போறீங்களா? முதல்ல போய்ப் பார்ப்போம்."

சொல்லிட்டு வண்டியை இன்னும் முறுக்கினா.

கழட்டிப் பார்த்தா

கோபால்சாமி வேப்ப மரத்து நிழல்ல உக்காந்திருந்தான். வேன்ல வந்த ஒரு அம்மா போகும்போது குடுத்துட்டுப் போன தண்ணி பாட்டில் அவன் கையில இருந்துச்சு. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சான். திட்டுவான்னு நெனச்சேன். "வாங்க அண்ணாச்சி, வெயில்லயா வந்தீங்க?"ன்னு கேட்டான். திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

பின் சக்கரத்துக்குக் கல்லு குடுத்து, முன்னால ஜாக்கி வச்சுத் தூக்கி, கட்டை அடுக்கினோம். ரெண்டு முன் சக்கரமும் தரையை விட்டு எழும்பிச்சு. இப்படிப் பாரம் இல்லாமத் தொங்கும்போது சக்கரம் லேசாத் திரும்பணும். கோபால்சாமி மேல ஏறி ஸ்டியரிங்கை ஒடிச்சான். இடது பக்கம் பாதியில நின்னுச்சு. பவர் ஸ்டியரிங் பம்பு கத்துது, சக்கரம் நகரலை.

"போதும், அமுக்காதேலே! சீலு போயிரும்."

கோளாறு மேல ஸ்டியரிங் பாக்ஸ்லயா, கீழ ஆக்சில்லயான்னு முதல்ல பிரிக்கணும். அதுக்கு வழி சுலபம். பாக்ஸையும் சக்கரத்தையும் சேர்க்க டிராக் லிங்க்னு ஒரு தண்டு இருக்கு. அதைக் கழட்டி விட்டுட்டா இது வேற, அது வேற. கழட்டும்போது நான் வேண்டாத சாமி இல்லை. கோளாறு பாக்ஸ்ல இருக்கணும், பாக்ஸ்ல இருக்கணும். பாக்ஸை நான் தொடவே இல்லைல்லா.

கழட்டியாச்சு. கோபால்சாமி ஸ்டியரிங்கைச் சுத்தினான். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பட்டு மாதிரி சுத்துச்சு. பாக்ஸ்ல குத்தம் இல்லை.

நான் கீழ உக்காந்து சக்கரத்தைக் கையால தள்ளினேன். இறுக்கம். இடது பக்கம் அதே பாதியில நின்னுச்சு. அப்ப கோளாறு ஆக்சில்லதான். ஆக்சில்னா, என் வேலை.

செல்லத்தாய் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிஞ்சுக்கிட்டா. ஆபரேஷன் பண்ணின கண்ணுக்குப் போடுத சொட்டு மருந்தை எடுத்துட்டு வந்து, "அண்ணாந்து பாருங்க"ன்னு என் வலது கண்ணுல ரெண்டு சொட்டு விட்டா. கண்ணுல இருந்து வழிஞ்சதுல மருந்து எது, மத்தது எதுன்னு அவளுக்கும் தெரியாது.

புஷ்ஷை டைட்டா அடிச்சிட்டேனா? இல்ல, போல்ட்டு வெளிய வந்துருச்சா? பார்த்தாத் தெரிஞ்சுரும். ஆனா பார்க்கவிடாம இடது பக்கம் பூராவும் கரிசல் அப்பி, செங்கல் கணக்கா இறுகிக் கிடந்துச்சு. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு உள்ள படுத்தேன்.

ஒத்தைச் செருப்பு

தொடங்கின இடத்துக்கு வந்துட்டோம். செல்லத்தாய் டார்ச்சைச் சரியா அடிச்சா. நான் சுரண்ட ஆரம்பிச்சேன்.

முதல்ல ரெண்டு கட்டி பேர்ந்து மூஞ்சியில விழுந்துச்சு. மூணாவது குத்துல ஸ்க்ரூ டிரைவர் இரும்புலயும் முட்டலை, மண்ணுலயும் முட்டலை. மெத்துன்னு போய் நின்னுச்சு. எனக்கு அப்பத்தான் உறைச்சுது. இரும்பும் இரும்பும் முட்டினா டங்குன்னு கேக்கணும். புஷ்ஷு டைட்டுன்னா முழுக்க ஒரே இறுக்கமா இருக்கணும். மெத்துன்னு நின்னா, நடுவுல என்னமோ இருக்குன்னுல்லா அர்த்தம்! போன்லயே சொன்னானே பாவிப்பய!

சுத்தி மண்ணை உடைச்சேன். கறுப்புக் கயிறு ஒண்ணு வந்துச்சு. ஆக்சிலைச் சுத்தி, ரெண்டு முன் சக்கரத்தையும் சேர்க்க டை ராடுங்குத தண்டுலயும் ஒரு சுத்து சுத்திக் கிடந்துச்சு. வலது பக்கம் ஒடிக்கும்போது பிடிச்சு இழுத்தது இதுதான். கத்தியால அறுத்து, கயிறைப் பிடிச்சு இழுத்தேன். ஸ்டாப்பர் போல்ட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல மடங்கி, மண்ணோட மண்ணா இறுகிக் கிடந்த ஒரு சாமான் பொத்துன்னு என் நெஞ்சு மேல விழுந்துச்சு.

செருப்பு. டயர் வச்சு அடிச்ச தோல் செருப்பு. இடது கால். வார்ல நீல நூல் தையல்.

"ஏலே கோபாலு!"

நான் போட்ட கூப்பாட்டுல கம்மாயில நின்ன கொக்கெல்லாம் பறந்துபோச்சு. கோபால்சாமி எட்டிப் பார்த்து, என் கையில இருந்ததைப் பார்த்துட்டு நாக்கைக் கடிச்சான்.

"அண்ணாச்சி... திருஷ்டிக்குக் கட்டினது."

"திருஷ்டிக்குன்னா பம்பர்ல கட்ட வேண்டியதானேலே?"

"வியாபாரத்துக்குப் போற வண்டிக்கு முன்னால செருப்பா தொங்கவிடுவான்னு பாய் வைவாரு. அதான் ஆருக்கும் தெரியாம உள்ள கட்டினேன்."

"என் செருப்பு எப்படிலே உனக்குக் கிடைச்சுது?"

"பட்டறை வாசல்ல பிய்ஞ்சு தைச்சதாக் கிடந்துச்சு. வேண்டாம்னு போட்டதுன்னு நெனச்சேன். உங்க கை ராசியான கைன்னு ஊருக்கே தெரியும் அண்ணாச்சி. கையை வாங்கிக் கட்ட முடியுமா? செருப்புதான் கிடைச்சுது." கொஞ்சம் நிறுத்திட்டு, நியாயம் பேசினான். "இடது கால் செருப்பு, இடது சக்கரம். முறையாத்தான் கட்டினேன்."

செல்லத்தாய் அங்கனயே ரோட்டு ஓரத்துல உக்காந்து, சேலையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்கா. எனக்குச் சிரிப்பு வரலை. பொட்டை இன்னும் பார்க்கலையே.

எச்சிலைத் தொட்டு, பெருவிரலால ஸ்டாப்பர் நட்டைத் தேய்ச்சேன். ஒரு தடவை தேய்ச்சேன், கறுப்பு. ரெண்டாந்தடவை தேய்ச்சேன். அதுக்கு அடியில ரோஸ். முழுசா, உடையாம, நட்டுலயும் போல்ட்டுலயும் சேர்ந்து ஒரே பொட்டு.

டீக்கு முன்னாலயோ பின்னாலயோ, நான் வச்சிருக்கேன். என் கை மறக்கலை. அப்படியே படுத்துக்கிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். சொல்லுததுக்கு என்ன வெக்கம்? ஆக்சிலுக்குக் கீழ படுத்து அழுதா ஆருக்கும் தெரியாது, அது ஒரு வசதி.

டங்

மண்ணை எல்லாம் தட்டி எடுத்து, டிராக் லிங்க்கை மாட்டி, பின்னு போட்டு, ரெண்டு கிங் பின்னுக்கும் பாரம் இல்லாம இருக்கும்போதே கிரீஸ் ஏத்தினேன். அப்பதான் கிரீஸ் எல்லா இடத்துக்கும் போகும். ஜாக்கியை இறக்கினோம்.

"இடது பக்கம் மெதுவா ஒடி."

ஒடிச்சான். பாதியைத் தாண்டிச்சு. முக்கால் தாண்டிச்சு. முழுசா ஒடிஞ்சு, டங்!

"கேட்டுச்சா?"ன்னு செல்லத்தாயைப் பார்த்தேன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. உங்க ஸ்பானரைக் கீழ வைக்க வேண்டாம்," அப்படின்னா. அப்புறம் கோபால்சாமி பக்கம் திரும்பினா. "தம்பி, இதை எப்பக் கட்டுனீங்க?"

"பட்டறையிலயேதான் அக்கா. அண்ணாச்சி டீ குடிக்கப் போனப்ப கட்டிட்டேன். அவரு வந்து மிச்ச வேலையைப் பார்த்து முடிச்சாரு. டிரையல் பார்க்கும்போதும் வண்டியைச் சுத்தி வந்தாரு. ஒண்ணும் சொல்லலை. சரி, பார்த்துட்டு ஒத்துக்கிட்டாருன்னு நெனச்சேன்."

செல்லத்தாய் என்னையே பார்த்தா. நான் கையைத் துடைக்கத் துணியைத் தேடினேன்.

டீ குடிச்சிட்டு வந்து அதே இடத்துல படுத்து நட்டைப் பூட்டியிருக்கேன், பொட்டு வச்சிருக்கேன். ஒரு சாண் தள்ளி என் சொந்தச் செருப்பு தொங்கியிருக்கு, அது உள்ள போய் மடங்கினது பிறகு காட்டுச் சகதியில. என் இடது கண்ணுப் பக்கம். எனக்குத் தெரியலை. கை பழக்கத்துல சரியாப் பண்ணிட்டு வந்துருச்சு. கண்ணுதான் கோட்டை விட்டுருச்சு.

"இப்ப என்ன சொல்லுதீங்க?"ன்னு கேட்டா.

"திங்கக்கிழமை டாக்டர் இருப்பாரான்னு கேளு," அப்படின்னேன்.

திரும்பி வரும்போது வழியில ஒரு டீக்கடையில வண்டியை நிப்பாட்டச் சொல்லி, ரெண்டு பொறை வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு நாயைக் கூப்பிட்டேன். மூணு நாளா என்கிட்ட வசவு வாங்கின சீவன், வருமா? பொறையைத் தரையில வச்சிட்டு நான் உள்ள போன பிறகுதான் வந்து தின்னுச்சு.

விஷயம் தெரிஞ்சதும் காதர் பாய் விழுந்து விழுந்து சிரிச்சாராம். "இனிமே மறைச்சுக் கட்டாதேப்பா, பம்பர்லயே கட்டித் தொலை"ன்னுட்டாராம். கோபால்சாமி செருப்பைக் கழுவி, எண்ணெய் போட்டு, முன்னால கட்டிக்கிட்டான். வலது கால் செருப்பையும் கேட்டான். அதையாவது விட்டுவைலேன்னுட்டேன்.

ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடியைக் கழட்டின முதல் நாள். பட்டறை வாசல்ல நின்னேன். பைபாஸ் பக்கம் இருந்து கோபால்சாமி லாரி வந்துச்சு. நான் வலது கண்ணைக் கையால பொத்திக்கிட்டு, இடது கண்ணால மட்டும் பார்த்தேன். பம்பர்ல செருப்பு ஆடிக்கிட்டு வந்துச்சு. வார்ல இருந்த நீல நூல் தையல், ஒவ்வொண்ணா, எண்ணுத மாதிரி தெரிஞ்சுது.